ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியிலிருந்து மாலை வானத்துக் கோள்களைக் காண்பது எப்படி?

கேள்வி: பதினோராம் மாடி, ஆயர் ஈத்தாம் (20 ஜனவரி 2025)

அனைவருக்கும் வணக்கம். நான் பினாங்கு, ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினோராவது மாடியில் வசிக்கிறேன். எங்கள் சமையலறைச் சன்னல் மேற்கே மலையைப் பார்த்திருக்கிறது. கடந்த நவம்பர் முதல், பொழுது சாய்ந்ததும் அந்தச் சன்னலில் மிகப் பிரகாசமான ஒரு வெளிச்சம் தெரிகிறது. அப்போது சற்றுத் தாழ்வாக இருந்தது. இப்போது நன்றாக மேலேறி நிற்கிறது. இரவு ஒன்பது மணி வாக்கில் மலைக்குப் பின்னால் போய் ஒரே கணத்தில் மறைந்துவிடுகிறது. பக்கத்து வீட்டார் அதை டுரோன் என்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகளோ அது வெள்ளிக் கோள் என்று உறுதியாகச் சொல்கிறாள்.

இதற்கிடையே, ஜனவரி 25ஆம் நாள் இரவு கோள்கள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும், அந்த ஓர் இரவைத் தவறவிட்டால் பார்க்க முடியாது என்ற செய்தி புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்தது. மகள் அதைப் படித்ததிலிருந்து ஒவ்வொரு மாலையும் கைப்பேசிச் செயலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கும் நடைபாதைக்கும் அலைகிறாள். வியாழன், செவ்வாய், சனி மூன்றும் வானத்தில் இருப்பதாகச் செயலி காட்டுகிறது. எங்கள் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. கிழக்கு நோக்கிய நடைபாதையிலிருந்து பார்த்தால் நீலமும் வெள்ளையுமாகப் படபடவென்று மின்னும் ஒன்று தெரிகிறது. அது கோளா, விமானமா என்று எனக்குத் தெரியவில்லை.

நகர வெளிச்சத்துக்கு நடுவே, அதுவும் சீனப் புத்தாண்டுக்காகக் கெக் லோக் சி கோயில் முழுவதும் விளக்கேற்றப்படும் இந்த நேரத்தில், எங்கள் குடியிருப்பிலிருந்து மற்ற கோள்களைப் பார்க்க வாய்ப்பு உண்டா? தொலைநோக்கி வாங்கத்தான் வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: பாலத்தடி, ஜெலுகோர் (21 ஜனவரி 2025)

வணக்கம், சகோதரி. உங்கள் மகள் சொன்னது முற்றிலும் சரி. அது வெள்ளிதான். இம்மாதம் 10ஆம் நாள் அது சூரியனிடமிருந்து 47 பாகை விலகி, மாலை வானில் தான் எட்டக்கூடிய மிகத் தொலைவான இடத்தை அடைந்தது. நவம்பரிலிருந்து அது மேலேறி வந்ததாக நீங்கள் கவனித்திருப்பது இந்த விலகலைத்தான். செயலி எதுவுமின்றிச் சமையலறைச் சன்னலிலிருந்தே ஒரு கோளின் நகர்வை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். அதை மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நகர வெளிச்சத்தைப் பற்றிய உங்கள் கவலையை முதலில் தீர்த்துவிடுகிறேன். தெருவிளக்குகளும் கோயில் விளக்குகளும் விழுங்குவது மங்கலான விண்மீன்களையும் பால்வீதியையும். வெள்ளி, வியாழன், செவ்வாய் மூன்றும் இப்போது இருக்கும் ஒளிக்கு, ஜார்ஜ் டவுனின் நடுவில் விளக்குக் கம்பத்தின் அடியில் நின்றாலும் தெரியும். சனி மட்டும் சற்று மங்கல். அதுவும் ஒரு நல்ல விண்மீன் அளவுக்கு ஒளி கொண்டதுதான். ஆகவே நம் ஊரில் தடையாக இருப்பவை மலையும் கூரையும்.

மலையை எடுத்துக்கொள்வோம். கையை நேராக நீட்டி, விரல்களை மடக்கிப் பிடித்தால் அந்தக் கைமுட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்திலிருந்து முட்டிமேல் முட்டியாக அடுக்கிப் பாருங்கள். ஆயர் ஈத்தாமில் கொடிமலையும் அதை ஒட்டிய மலைகளும் பல இடங்களில் இரண்டு முட்டி உயரத்தை அடைத்துவிடுகின்றன. இப்போது பினாங்கில் சூரியன் 7.25 மணி அளவில் மறைகிறது. அப்போது வெள்ளி நான்கு முட்டிக்கும் சற்று மேலே இருக்கிறது. வானம் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை வீதம் மேற்கே சாய்வதால், ஒன்றரை மணி நேரத்தில் வெள்ளி இரண்டு முட்டி உயரத்துக்கு வந்துவிடும். நீங்கள் சொன்ன ஒன்பது மணிக் கணக்கு இப்படித்தான் பொருந்துகிறது. கடற்கரையில் நின்று பார்ப்பவருக்கு அதே வெள்ளி பத்து மணி கடந்த பிறகே மறையும்.

அடுத்தது கூரை. வியாழனை நீங்கள் காணாததற்குக் காரணம், அது உங்கள் தலைக்கு மேலே இருப்பதுதான். எட்டு மணிக்கு வடகிழக்கே ஐந்தரை முட்டி உயரத்திலும், பத்து மணிக்குச் சற்று முன் ஏறத்தாழ உச்சியிலும் அது நிற்கிறது. எந்தச் சன்னலிலிருந்தும், எந்த நடைபாதையிலிருந்தும் அந்த இடம் தெரியாது. மேல்மாடியின் தளம் மறைத்துவிடும். தயவுசெய்து மகளை அழைத்துக்கொண்டு கீழே கார் நிறுத்துமிடத்துக்கு வந்து நிமிர்ந்து பாருங்கள். உச்சிப் பக்கத்தில் இருப்பவற்றுள் மிகப் பிரகாசமாக, அசையாமல், வெண்மஞ்சளாக ஒளிர்வது வியாழன். இவ்வளவு எளிதான கோளைப் பலர் காணாமல் போவது, மாடியில் வாழும் நாம் வானத்தைச் சன்னலளவில் மட்டும் பார்ப்பதால்தான்.

செவ்வாய்க்கு உங்கள் கிழக்கு நடைபாதை மிகவும் பொருத்தமான இடம். ஜனவரி 16ஆம் நாள் அது சூரியனுக்கு நேரெதிரே வந்தது. அதனால் சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழுகிறது. ஆயர் ஈத்தாமிலிருந்து பார்க்கும்போது கொம்தார் கோபுரம் கிழக்குக்குச் சற்று வடக்கே இருக்கும். எட்டு மணிக்கு அந்தக் கோபுரத்துக்குச் சற்று இடப்பக்கமாக, ஒரு முட்டிக்கும் கொஞ்சம் மேலே, கரியடுப்பின் தணலைப் போன்ற நிறத்தில் ஒன்று தெரிந்தால் அதுதான் செவ்வாய். இந்த முறை 9 கோடியே 60 லட்சம் கிலோமீட்டர் தொலைவு வரை அது நம்மை நெருங்கியது. அடுத்த எதிர்நிலை 2027 பிப்ரவரியில்தான் வருகிறது.

படபடவென்று மின்னுவதாக நீங்கள் குறிப்பிட்டது சிரியஸ் என்ற விண்மீன். வானத்து விண்மீன்களில் அதுவே ஒளி மிகுந்தது. இந்த நாட்களில் எட்டு மணிக்குத் தென்கிழக்கே இரண்டரை முட்டி உயரத்தில் நிற்கும். விண்மீன் நமக்கு ஒரு புள்ளியாகவே தெரிவதால் காற்றின் ஒவ்வோர் அசைவும் அதன் ஒளியை உலுக்கி நிறம் மாற்றிக் காட்டுகிறது. கோள்கள், கண்ணுக்குப் பிரித்தறிய முடியாவிட்டாலும், சிறு வட்டுகள். வட்டின் ஒரு பக்க ஒளி குலைந்தாலும் மறுபக்க ஒளி ஈடுசெய்துவிடும். ஆனால் அடிவானத்தை ஒட்டி, பட்டர்வர்த் பக்கத்து ஈரக்காற்றின் ஊடே பார்க்கும்போது செவ்வாயும் கொஞ்சம் துடிக்கும். ஒரு முட்டி உயரம் ஏறும்வரை பொறுத்திருந்து முடிவு செய்யுங்கள். பாயான் லெப்பாஸில் இறங்க வரும் விமானத்தின் முன்விளக்கும் சில நிமிடம் அசையாத கோள்போல நிற்கும். நானே பலமுறை குழம்பியிருக்கிறேன். ஐந்து நிமிடம் கழித்தும் அதே இடத்தில் இருந்தால் அது விமானமில்லை.

சனி இப்போது வெள்ளியின் அருகிலேயே இருக்கிறது. 18ஆம் நாள் இரண்டும் இரண்டு பாகை சொச்ச இடைவெளியில் நின்றன. இன்று வெள்ளிக்கு இடப்பக்கம், சற்றுக் கீழே, நீட்டிய கையின் இரண்டு விரல் அகலத்துக்குள் தேடுங்கள். நன்றாக இருட்டிய பிறகு, எட்டேகால் முதல் எட்டரைக்குள் பார்ப்பது நல்லது. பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குள் சனியை உங்கள் மலை மறைத்துவிடும்.

ஜனவரி 25 பற்றிய செய்தியை நம்பி மனம் வருந்த வேண்டாம். அந்த ஓர் இரவுக்கென்று தனிச் சிறப்பு எதுவும் இல்லை. இன்றும் இந்த நான்கு கோள்களும் வானில் உள்ளன, பிப்ரவரித் தொடக்கத்திலும் இருக்கும். அவை எப்போதும் ஒரே கோட்டை ஒட்டித்தான் நிற்கும். சூரியன் ஆண்டு முழுவதும் செல்லும் பாதை அது. பினாங்கில் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் நம் நிழல் காலடியிலேயே விழுகிறது அல்லவா? சூரியன் நம் உச்சி வழியே போகும் ஊர் இது. ஆகவே கோள்களின் பாதையும் மேற்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ நிமிர்ந்து எழுந்து, உச்சியைத் தொட்டு, கிழக்கே இறங்குகிறது. வெள்ளியிலிருந்து வியாழன் வழியாகச் செவ்வாய் வரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினால் உங்கள் மகளுக்கு உடனே விளங்கிவிடும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியை, ஜாலான் கெபுன் பூங்கா (21 ஜனவரி 2025)

ஜெலுகோர் தம்பி சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்தக் கோட்டின் வரைபடம் உங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருக்கலாம் அம்மா. தமிழ் நாட்காட்டியிலோ பஞ்சாங்கத்திலோ இருக்கும் ராசிக் கட்டத்தைச் சொல்கிறேன். பலன் பார்ப்பது அவரவர் விருப்பம். ஆனால் அந்தக் கட்டம் அடிப்படையில் வானத்தில் எந்தக் கோள் எந்தப் பகுதியில் நிற்கிறது என்பதைக் குறித்து வைக்கும் அட்டவணை. நான் பள்ளியில் இருந்த காலத்தில் அறிவியல் பாடத்தின்போது இதைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கோள்களைக் காட்டியிருக்கிறேன்.

இது தை மாதம். சூரியன் மகரத்தில் இருக்கிறது. மாலையில் சூரியன் மறையும்போது மகரமும் அதனோடு இறங்கிவிடும். அதற்கு மேலே கும்பம், அதற்கும் மேலே மீனம், பிறகு மேஷம், உச்சிப் பக்கத்தில் ரிஷபம், கிழக்கே இறங்கும் வழியில் மிதுனம், அடிவானத்தில் அப்போதுதான் எழும் கடகம். ஒவ்வொரு ராசிக்கும் 30 பாகை, அதாவது தம்பியின் கணக்கில் மூன்று கைமுட்டி. இப்போது கட்டத்தைப் பாருங்கள்: சுக்கிரனும் சனியும் கும்பத்தில், குரு ரிஷபத்தில், செவ்வாய் மிதுனமும் கடகமும் சந்திக்கும் எல்லையில். மேற்கே இரண்டு, உச்சியில் ஒன்று, கிழக்கே ஒன்று என்று நீங்கள் நாளை காணப்போவது இந்த வரிசையைத்தான். கட்டத்தில் உள்ள ராகுவும் கேதுவும் கண்ணால் காணும் பொருள்கள் அல்ல; நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள்.

சுக்கிரன் எந்த ஆண்டிலும் சூரியனிடமிருந்து இரண்டு ராசிக்கு அப்பால் போகாது, புதன் ஒரு ராசிக்கு அப்பால் போகாது என்பதையும் அந்தக் கட்டத்தில் மாதந்தோறும் சரிபார்க்கலாம். அதனால்தான் வெள்ளியை நாம் அந்தியிலோ விடியலிலோ பார்க்கிறோம். நள்ளிரவில் நம் ஊர் வானத்தில் அதைக் காண முடியாது.

செயலியை விடச் சிறந்த வழிகாட்டி நிலவு. வரும் 29ஆம் நாள் தை அமாவாசை; அன்றே சீனப் புத்தாண்டும் வருகிறது. அதிலிருந்து மூன்றாம் நாள், பிப்ரவரி 1 சனிக்கிழமை மாலை, இளம்பிறை வெள்ளிக்குக் கீழும் சனிக்கு மேலுமாக நடுவில் வந்து நிற்கும். சனியைக் கண்டுபிடிக்கத் தடுமாறுபவர்கள் அன்று பிறைக்கு இடப்பக்கம் கீழே ஏறத்தாழ அரை முட்டி தொலைவில் பார்த்தால் போதும். பிப்ரவரி 6, தைக் கிருத்திகையன்று, நிலவு கார்த்திகைக் கூட்டத்தைக் கடந்து குருவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். மறுநாள் குருவைத் தாண்டியிருக்கும். குருவுக்குப் பக்கத்தில் செம்மஞ்சளாக ஒரு விண்மீன் தெரியும், அதுதான் ரோகிணி. நகரத்தில் கார்த்திகையின் ஆறு மீன்களையும் எண்ணுவது கடினம். ஒரு சிறு பனிப்புகைபோலத் தெரிந்தாலே நல்ல இரவு என்று கொள்ளுங்கள்.

பிப்ரவரி 9 ஞாயிறு மாலை நிலவு செவ்வாய்க்கு மிக அருகில் இருக்கும். தைப்பூசம் 11ஆம் நாள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு முன்கூட்டியே போய்வரும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், படியேறிய பிறகு கிழக்கே திரும்பிப் பாருங்கள். நகரமும் நீரிணையும் கீழே கிடக்க, நிறையப் போகும் நிலவும் அதன் அருகே செவ்வாயும் ஏறி வரும் காட்சிக்கு அங்கே மறைப்பே இல்லை.

கேட்டவர்: பதினோராம் மாடி, ஆயர் ஈத்தாம் (23 ஜனவரி 2025)

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு கார் நிறுத்துமிடத்துக்குப் போனோம். வியாழனை மகள் நிமிர்ந்த கணமே கண்டுகொண்டாள். இத்தனை நாள் தலைக்கு மேல் இருந்ததை நாங்கள் பார்க்கவே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. செவ்வாய் கொம்தாருக்கு இடப்பக்கம் நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது. நாட்காட்டியில் உள்ள கட்டத்தை மகள் தன் அறிவியல் குறிப்பேட்டில் வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று முட்டி என்று எழுதி வைத்திருக்கிறாள்.

சனி மட்டும் அகப்படவில்லை. சமையலறை விளக்கை அணைத்தும் பார்த்தோம். வெள்ளியின் ஒளி கண்ணைக் கூசுவதால் பக்கத்தில் ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. அதோடு, தமிழகத்திலிருந்து வந்த ஒரு கட்டுரையில் மாலை 6.45 மணிக்குப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் இங்கே வெயிலே அடங்கவில்லை. மகளின் பிறந்தநாள் அடுத்த மாதம் வருகிறது. 300 ரிங்கிட் அளவில் தொலைநோக்கி ஒன்று வாங்கித் தரலாமா என்றும் யோசிக்கிறேன்.

மறுமொழி: செந்தூல் மொட்டைமாடி, கோலாலம்பூர் (24 ஜனவரி 2025)

வணக்கம் அக்கா. அந்த 300 ரிங்கிட்டை அவசரப்பட்டுச் செலவழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரங்காடியில் என் மகனுக்கு அப்படித்தான் வாங்கினேன். அட்டைப்பெட்டியில் 525 மடங்கு பெரிதாக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முன்கண்ணாடியின் அகலமோ 50 மில்லிமீட்டர். அந்த அளவுக் கண்ணாடி தாங்கக்கூடியது அதிகம் போனால் 100 மடங்கு. அதற்கு மேல் மங்கலான கறைதான் பெரிதாகும். அதைவிடக் கொடுமை அதன் முக்காலி. வியாழனைக் கொண்டுவந்து நிறுத்திக் கையை எடுத்ததும் குழாய் அரை அங்குலம் தொய்ந்துவிடும். மறுபடி தேடிப் பிடிப்பதற்குள் மகன் உள்ளே போய்விடுவான். 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் பத்தில் ஒரு பாகை இடைவெளியில் நெருங்கி நின்றபோதும், அந்தக் கருவியோடு போராடியே அந்த மாலையை இழந்தேன். கண்ணாலேயே பார்த்திருந்தால் இருவரும் நன்றாகப் பார்த்திருப்போம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதே பணத்துக்கு 7×50 அல்லது 10×50 என்று குறிக்கப்பட்ட பைனாகுலர் ஒன்றை வாங்குங்கள். முழங்கையை நடைபாதைச் சுவரின்மேல் ஊன்றிக்கொண்டு பிடித்தால் ஆட்டம் அடங்கிவிடும். கீழே போய்ப் பார்ப்பதானால் காரின் கூரையில் கையை ஊன்றலாம், அல்லது பாய் விரித்துப் படுத்தே பார்க்கலாம். வியாழனின் இருபுறமும் நேர்கோட்டில் சிறு புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட அதே நான்கு துணைக்கோள்கள் அவை. ஒரு மாலையில் மூன்றுதான் தெரிகிறது என்றால், நான்காவது வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ மறைந்திருக்கும். இடம் மாறுவதை நாள்தோறும் குறிப்பேட்டில் வரையச் சொல்லுங்கள்; எங்கள் வீட்டில் இப்போது அதுதான் நடக்கிறது.

வெள்ளியையும் விடாதீர்கள். பிப்ரவரி நடுப்பகுதியில் அது மேலும் ஒளி கூடி, பைனாகுலரில் சிறு பிறைபோலத் தெரியத் தொடங்கும். மார்ச் நெருங்க நெருங்கப் பிறை மெலிந்துகொண்டே வந்து, அளவில் பெரிதாகும். பூமிக்கும் சூரியனுக்கும் இடையில் அது வந்துகொண்டிருப்பதே காரணம். வானம் முழுக்க இருட்டுவதற்கு முன்பே பாருங்கள், கூச்சம் இல்லாமல் வடிவம் தெளிவாக இருக்கும். ஆனால் சூரியன் முழுவதும் மறைந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்ட பிறகே பைனாகுலரைக் குழந்தையிடம் கொடுங்கள். தவறிச் சூரியன் பக்கம் திரும்பினால் ஒரு கணத்தில் பார்வை பறிபோய்விடும்.

சனியின் வளையத்தை எதிர்பார்த்து இந்த ஆண்டு எதுவும் வாங்க வேண்டாம். வரும் மார்ச் 23ஆம் நாள் அந்த வளையம் விளிம்பு நம் பக்கமாகத் திரும்பி ஒரு கோடாகிவிடும். இப்போதே பெரிய கருவியிலும் மெல்லிய ஊசிபோலத்தான் இருக்கிறது. சனியை வெறும் கண்ணால் பிடிக்க ஓர் உத்தி உண்டு. வெள்ளி மட்டும் மறையும்படி சன்னல் சட்டத்தின் விளிம்புக்குப் பின்னால் தலையை நகர்த்திக்கொள்ளுங்கள். கூசும் ஒளி அகன்றதும் இடப்பக்கம் கீழே சனி தெரிந்துவிடும்.

நேரத்தைப் பற்றியும் சொல்கிறேன். நம் நாட்டு மேற்குப் பகுதியில் 1982 ஜனவரி 1 முதல் கடிகாரம் சபா, சரவாக் நேரத்துக்கு மாற்றப்பட்டது. அதனால் நமக்கு நண்பகலே ஒன்றேகால் மணிக்கு மேல்தான் வருகிறது. சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்கும் ஏழே முக்காலுக்கும் இடையில் மறைகிறது. தமிழக நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சூரியன் மறைந்து எத்தனை நிமிடம் என்று மாற்றிக் கணக்கிடுங்கள். நம் ஊரில் அந்தி விரைவில் இருட்டும். முப்பது நிமிடம் காத்திருந்தால் போதும். இப்போது பினாங்கில் மழை குறைந்த காலம் என்பதால் உங்களுக்கு எங்களைவிட நல்ல வாய்ப்பு. இங்கே கோலாலம்பூரில் ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை வந்து வானத்தை மூடிவிடும். நான் அந்த மாதங்களில் வாரத்துக்கு ஒரு தெளிந்த மாலை கிடைத்தாலே மகிழ்ச்சியடைவேன். பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர் வந்தால், 1994இல் திறக்கப்பட்ட தேசியக் கோளகத்துக்கு மகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

கேட்டவர்: பதினோராம் மாடி, ஆயர் ஈத்தாம் (2 பிப்ரவரி 2025)

நேற்று மாலை நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏழு ஐம்பதுக்கெல்லாம் சமையலறை விளக்கை அணைத்துவிட்டோம். மலைக்கு மேலே வானம் இன்னும் கொஞ்சம் நீலமாக இருந்தது. பிறை கிண்ணம்போல மல்லாந்து கிடந்தது. அதற்கு மேலே வெள்ளி. கீழே முதலில் ஒன்றும் தெரியவில்லை. மகள் அரை முட்டியை அளந்து, சன்னல் கம்பியில் விரலை வைத்துக்கொண்டே நின்றாள். எட்டு மணி கடந்ததும், அவள் விரல் வைத்த இடத்துக்குச் சற்றே வலப்பக்கமாக ஒரு சிறு மஞ்சள் புள்ளி எழுந்தது. சனி என்று அவள் சத்தமாகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். அரை மணி நேரத்துக்குள் அது மலை விளிம்பைத் தொட்டுவிட்டது. டுரோன் என்று சொன்ன பக்கத்து வீட்டு அக்காளும் பிள்ளைகளோடு வந்து பார்த்தார்.

பிறையின் இருண்ட பகுதியும் மங்கலாகத் தெரிந்தது. பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளிதான் அது என்று மகள் நூலில் படித்துச் சொன்னாள். கோயில் விளக்குகள் கீழே எரிந்துகொண்டுதான் இருந்தன. அவை எங்களுக்கு இடையூறாக இல்லை. பைனாகுலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இனி மிச்சம் இருப்பது புதன் ஒன்றுதான். எங்கள் சன்னலிலிருந்து அது தெரியுமா?

மறுமொழி: பாலத்தடி, ஜெலுகோர் (3 பிப்ரவரி 2025)

மிகுந்த மகிழ்ச்சி, சகோதரி. உங்கள் சன்னலிலிருந்து புதன் தெரியாது. மார்ச் 8ஆம் நாள் அது சூரியனிடமிருந்து 18 பாகை விலகி நிற்கும். அந்த முறை அதற்கு அதுவே உச்ச விலகல். உங்கள் மலையோ இருபது பாகையை அடைத்திருக்கிறது. சூரியன் மறையும்போதே புதன் மலைக்குப் பின்னால் போயிருக்கும். எங்கள் ஜெலுகோரிலும் இதே நிலைதான். தீவின் கிழக்குக் கரையில் வாழ்பவர்கள் எல்லாருக்கும் மேற்கு அடிவானம் மலைக்கு அப்பால்தான் இருக்கிறது.

ஆனால் இது புதனைக் காண நல்ல வாய்ப்பு என்பதால் ஒரு மாலையை அதற்கென்று ஒதுக்குங்கள். ஐரோப்பா போன்ற வடக்கு நாடுகளில் பல பருவங்களில் கோள்களின் பாதை அடிவானத்தோடு சாய்ந்து படுத்துவிடுவதால் புதன் அந்தி வெளிச்சத்திலேயே மூழ்கிவிடும். நமக்குப் பாதை நிமிர்ந்து நிற்பதால் விலகும் 18 பாகையும் ஏறத்தாழ முழுவதும் உயரமாகவே கிடைக்கிறது. பாயா தெருபோங் வழியாக மலையேறி பாலிக் பூலாவ் பக்கம் இறங்கினால் மேற்கே கடல்தான். அந்தக் கரையில் உள்ள பந்தாய் ஆச்சேயில்தான் பினாங்கின் ஷேக் தாஹிர் வானியல் மையம் இருக்கிறது. நோன்பு மாதப் பிறையைப் பார்க்க ஏற்ற இடம் என்பதே அந்தக் கரையின் அடிவானம் எவ்வளவு திறந்தது என்பதைக் காட்டும்.

மார்ச் 8 சனிக்கிழமை. சூரியன் 7.30 கடந்து மறையும். 7.55க்குக் கடலுக்கு மேலே ஒரு முட்டி உயரத்தில் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது வெள்ளி. அதற்குள் அது மிகவும் இறங்கி வந்திருக்கும், பைனாகுலரில் மெலிந்த பிறையாக இருக்கும். வெள்ளிக்கு இடப்பக்கம், முக்கால் முட்டிக்குள், ஏறத்தாழ அதே உயரத்தில் இருக்கும் சிறு ஒளிதான் புதன். எட்டரை வரை நேரம் உண்டு. அதற்குப் பிறகு கடல்மேல் நிற்கும் ஈரப்புகை அதை எடுத்துக்கொள்ளும். அன்று மேகம் வந்தால் முன்பின் மூன்று நாட்களும் ஏற்றவையே. மார்ச் 23க்குப் பிறகு வெள்ளி சூரியனின் மறுபக்கம் போய் விடிவெள்ளியாகிவிடும். அப்போது உங்கள் கிழக்கு நடைபாதைக்கு வேலை வரும், விடியற்காலை ஆறரை மணிக்கு.